திருட்டு வழியை அடைப்பது பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நீ பொறுப்பேற்றுள்ள பழைய எண்ணெய் வயலில், மேலே வருவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்று வருந்தி எழுதியிருந்தாய். அதைக் கொண்டு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதே. பாறை எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. எண்ணெயைத் தள்ள நாம் செலுத்தும் நீர், ஊடுருவுதிறன் மிகுந்த, அதாவது நீர் எளிதில் புகுந்து ஓடும் அடுக்கையோ விரிசலையோ பற்றிக்கொண்டு நேரே உற்பத்திக் கிணற்றை அடைந்துவிட, இறுக்கமான அடுக்குகளில் எண்ணெய் அசையாமலே கிடக்கிறது. நீர் ஓடும் அந்தப் பாதையைத்தான் திருட்டு வழி என்கிறோம்.

நான் இப்போது அந்த வழியை அடைக்கும் ஜெல் துகள்களில்தான் முழுக்க ஈடுபட்டிருக்கிறேன். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பாலிமரையும், அச்சங்கிலிகளைப் பிணைக்கும் குறுக்கிணைப்பியையும் கலந்து செலுத்தி நிலத்தடியில் கெட்டியாக விடுவது பழைய முறை. ஆனால் பாறைக்குள் அவை இரண்டும் பிரிந்துபோகலாம். நிலத்தடி நீரால் நீர்த்தும் போகலாம். அப்போது எங்கே, எப்போது கெட்டியாகும் என்பது நம் கையில் இருப்பதில்லை. முன்பே தயாரித்து, உலர்த்தி, அரைத்துச் சலித்த பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின் ஜெல் துகள்களில் இந்தச் சிக்கல் இல்லை. அவை நீரை உறிஞ்சித் தம் எடையைப் போலப் பல மடங்கு உப்பும். நீரில் உப்பு கூடினால் உப்புவது குறையும். மென்மையாக இருப்பதால், தம்மைவிடக் குறுகலான துளைகளிலும் நசுங்கி நுழைந்து முன்னேறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மிக உறுதியான ஜெல்லைத் தேடி அலையாதே, அது எவ்வளவு ஆழம் போகும் என்று பார். அடுக்குகளுக்கு இடையே நீர் புகாத களிப்பாறை இருந்தால் கிணற்றருகே அடைத்தாலே போதும். அடுக்குகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தால், நீர் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு சிறிது தூரத்திலேயே பழைய வழிக்குத் திரும்பிவிடும், செலவு வீண். அங்கே ஆழமாகச் செல்லும் நுண்துகள்களே வேண்டும். இந்தோனேசியாவின் மினாஸ் வயலில் 2001இல் சோதிக்கப்பட்டவை இவ்வகையே. சுருங்கிய நிலையில் உள்ளே சென்று, பாறையின் வெப்பம் பட்ட பிறகே விரிபவை.

துகளின் அளவும் முக்கியம். மிகச் சிறியவை எண்ணெய் இருக்கும் அடுக்கிலேயே புகுந்து அதைக் கெடுத்துவிடும்; மிகப் பெரியவையோ கிணற்று முகத்திலேயே தேங்கிவிடும்.

ஆகவே துகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், தடங்காட்டிச் சோதனையில் (நீரோடு ஓர் அடையாளப் பொருளைக் கலந்து அது போகும் வழியை அறிவது) செலுத்திய நீர் எத்தனை நாளில் உற்பத்திக் கிணற்றை அடைந்தது, களிப்பாறை தொடர்ச்சியாக உள்ளதா, அந்த நீரின் உப்புத்தன்மை எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி அனுப்பு. நீர் மாதிரியும் கிடைத்தால், அதில் துகள்கள் எவ்வளவு உப்புகின்றன என்பதை இங்கேயே அளந்து சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்