உன்னை நான் ஒருத்தி வளர்க்கவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். நான்கு நாளாக மழை விட்டு, காலையில் நல்ல பனி விழுகிறது. மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே?

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. "ஒரே ஒரு பிள்ளைய வச்சிட்டே என்னால முடியல. நீ எப்படிம்மா எங்க ரெண்டு பேரையும் ஒரு அடி அடிக்காம வளர்த்த?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டு பூனைக் கதையை ஆரம்பித்துவிட்டான். அப்புறம் பால் பொங்குகிறது என்று நீயும் வைத்துவிட்டாய். அந்த நேரத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

உன்னை அடிக்காமல் வளர்த்தேன் என்று யார் சொன்னது? அடித்திருக்கிறேன் கண்ணு. உனக்குத்தான் ஞாபகம் இல்லை.

1994 ஐப்பசி. உனக்கு மூன்றரை வயது, இப்போது குட்டிக்கு இருக்கிற அதே வயது. மேற்கே கூடலூர்ப் பக்கம் ஆடி மாதம் கொட்டித் தீர்த்துவிடும். நம் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில்தான் கனத்த மழை. எட்டு நாளாகத் துணி காயவில்லை. கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் உன் ஸ்வெட்டரைப் போட்டு, திருப்பித் திருப்பிக் காயவைத்திருந்தேன். வீட்டில் காய்ந்த துணி என்று இருந்தது அது ஒன்றுதான். அப்பாவுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். நான் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உன்னையும் தம்பியையும் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான கிரீச்சிலிருந்து கூட்டிவந்தேன். தம்பி கைக்குழந்தை. அவனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. திரும்பினால், நீ அந்த ஸ்வெட்டரைத் தண்ணீர் வாளியில் முக்கி, தூக்கி, மறுபடி முக்கிக்கொண்டிருக்கிறாய். "அழுக்கும்மா" என்றாய்.

நான் துவைப்பதைப் பார்த்துத்தானே நீயும் துவைத்தாய்? அது இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. தொடையில் ஒன்று வைத்தேன். ஐந்து விரலும் பதிந்துவிட்டது. நீ உடனே அழவில்லை, என் முகத்தையே பார்த்தாய். அப்புறம்தான் வீறிட்டாய்.

எதிர்வீட்டு அக்கா, நீ பெரியம்மா என்று கூப்பிடுவாயே, அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே வந்தார், உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார், போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் மகன் ஒரு டம்ளர் சாயத்தண்ணி, பால் விடாத டீ, கொண்டுவந்து வைத்தான். அந்த ஈர ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுதேன். அன்று ராத்திரி நீ அங்கேயே தூங்கினாய். விடிகாலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகுமுன் உன்னைத் தூக்கப் போனேன். என் முகத்தைப் பார்க்கமாட்டாய் என்று பயந்துகொண்டே போனேன். நீ கம்பளிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "அம்மா, சொட்டர் காஞ்சிருச்சா?" என்று கேட்டாய்.

அடித்தது தப்பு. முப்பது வருடம் கழித்தும் அந்தத் தொடை எனக்குக் கண்ணில் தெரிகிறது. ஆனால் இதை நான் உனக்குச் சொல்வது வேறு காரணத்துக்கு. அந்தச் சாயங்காலம் எனக்குக் கை ஓங்கியது. அடுத்த நிமிடம் உன்னைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வந்தார். நீ இப்போது பெங்களூரில் பதினொன்றாவது மாடியில் இருக்கிறாய். மாப்பிள்ளை வர ராத்திரி ஒன்பது ஆகிறது. உனக்குக் கோபம் வருகிற நேரத்தில் கதவைத் திறந்து வர யார் இருக்கிறார்கள்?

தோட்டத்து வரிசை வீடான நம் லைனில் எட்டு வீடு. உனக்குச் சளி பிடித்தால் கடைசி வீட்டுத் தாத்தாதான் துளசியும் மிளகும் தட்டிக் கொடுப்பார். முடி வெட்டிவிட்டது மேல் வீட்டு மாமா. காட்டுமாடு லைனுக்குள் வந்தால், எந்தப் பிள்ளை யாருடையது என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்ததை உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்துவோம். ஒரு முறை நம் வீட்டில் ஆறு பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். இருந்த மாவில் எல்லாருக்கும் ஆளுக்கு அரை ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். என் அம்மா, உன் அம்மாயி, வேறு இருந்தார். இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் நம்முடையது. அங்கேயும் லைனில்தான் பிள்ளை வளர்த்தார், இங்கேயும் லைனில்தான். கிரீச் என்று நாங்கள் சொல்வதை அவர் கடைசிவரை பிள்ளைக் காம்பரா என்றேதான் சொன்னார்.

நீ அம்மாவின் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருப்பது எட்டு வீட்டுப் பொறுமை. அதை நீ ஒருத்தி, ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, தினமும் செய்கிறாய். முடியவில்லை என்று சொல்வதில் என்ன தப்பு இருக்கிறது?

அந்தக் கிரீச்கூட யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. ஐம்பது பெண்களும் அதற்கு மேலும் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகளுக்கு இடமும் ஆளும் வைத்தே ஆகவேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. யூனியன் கூட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். போன மாதம் தம்பி வந்தபோது இன்னொன்று சொன்னான். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எந்த நிறுவனமும் குழந்தைக் காப்பக வசதி தரவேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்று வைத்திருக்கிறார்களாமே? உன் கம்பெனியில் ஆயிரம் பேர் என்கிறாய். கேட்டுப் பார்த்தாயா? கூச்சப்படாதே. நாங்கள் கொழுந்துக் கூடையோடு நின்று கேட்டோம்.

சரி, ஸ்கூலில் விட்டதும் அழுகிறான் என்றாயே, அதற்கு வருகிறேன். அவன் பொம்மையைப் பார்க்கிற நேரம் பார்த்து, சொல்லாமல் நழுவி வந்துவிடுகிறேன் என்றாய். அதை மட்டும் விட்டுவிடு கண்ணு. நீயும் கிரீச்சில் அப்படித்தான் அழுதாய். மேலே நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தால் சத்தம் கேட்கும். "உன் மகதான்டி" என்பார்கள். எனக்குக் கை ஓடாது. ஒரு வாரம் நானும் உன்னை ஏமாற்றிவிட்டுத்தான் ஓடினேன். கிரீச் ஆயாதான் என்னை நிறுத்தி, "சொல்லிட்டுப் போ. சொல்லாம போனா, எப்ப காணாம போவியோன்னு புள்ள உன் முந்தானையவே பிடிச்சிக்கிட்டு இருக்கும்" என்றார். அழுதாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் நாலு மணிக்கு வருவேன் என்று சொல்லக் கூடாது, பிள்ளைக்கு மணி தெரியாது. "ஃபேக்டரி சங்கு ஊதினதும் வருவேன்" என்று சொல்லச் சொன்னார். சங்குச் சத்தம் உனக்குத் தெரியும் அல்லவா? அப்புறம் சங்கு ஊதினால் நீயே போய்ச் செருப்பை எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாயாம். நீயும் அப்படி ஏதாவது பார். பால் குடித்ததும், தூங்கி எழுந்ததும், என்று அவனுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல். சொன்ன நேரத்துக்குப் போய் நில்.

அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை, ஏதோ குறை இருக்கலாம் என்று அங்கே ஒரு டீச்சர் சொன்னாராமே. காது கேட்கிறதா என்று டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடு, அது நல்லதுதான். ஆனால் வீட்டில் என்ன பேச்சுப் பேசுகிறான்! வீட்டில் தமிழ், கீழே விளையாடப் போனால் கன்னடம், ஸ்கூலில் ஆங்கிலம். புது மொழிக்குள் போகிற பிள்ளை கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருக்கும். லைனை விட்டுக் கீழே ஊர் பால்வாடியில் உன்னைச் சேர்த்தபோது அங்கே பாதிப் பிள்ளைகள் படுகர் மொழியான படுகு பேசுகிறவர்கள். இரண்டு மாதம் நீ ஊமை மாதிரி இருந்தாய். சத்துணவுச் சோற்றுத் தட்டை மட்டும் நீட்டுவாயாம். ஒரு நாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் படுகிலேயே ஏதோ கேட்டாய். அவருக்குப் புரியவில்லை. உனக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே!

அப்புறம் சாப்பாடும் போனும். இதை எழுதும்போது நீ முகம் சுளிப்பது தெரிகிறது. இங்கே வருகிற நர்சம்மா சொன்னார், இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லியிருக்கிறதாம். நீயும் படித்திருப்பாய், படித்துவிட்டுத்தான் குற்ற உணர்ச்சியில் தவிக்கிறாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐப்பசி மழையில் என் கையில் ஒரு போன் இருந்திருந்தால் நானும் உன்னிடம் கொடுத்திருப்பேன். ஸ்வெட்டர் தப்பித்திருக்கும். அதனால் கொடுக்கிற நாளில் கொடு. சாப்பிடும்போது மட்டும் எடுத்து வைத்துவிடு. என்ன சாப்பிடுகிறோம் என்று பார்க்காமல் வாயை மட்டும் திறக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது எப்படித் தெரியும்? அவனே எடுத்துச் சாப்பிடட்டும். இறையும், இறைக்கட்டும். மூன்று பருக்கை உள்ளே போகும், முப்பது கீழே கிடக்கும். ஒரு வேளை குறைத்துத் தின்றால் அடுத்த வேளை கேட்பான். பாயை நனைப்பதற்கெல்லாம் திட்டாதே, நீ ஐந்து வயது வரை நனைத்தாய்.

எல்லாம் கஷ்டமாகவே எழுதிவிட்டேன். மே மாதம் நீங்கள் வந்தபோது குட்டியும் நானும் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போனோமே, அன்று நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னேனா? மேட்டுப்பாளையம் ரயில் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றது. அந்தத் தண்டவாளம் நடுவில் பல் பல்லாக இருக்கிறது அல்லவா, அதைக் காட்டி, "அம்மாயி, ரயிலுக்கு ஏன் பல்லு?" என்றான். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் ஏற்றம், வழுக்காமல் இருக்க எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது என்றேன். "வலிக்காதா?" என்றான். இரும்புக்கு வலிக்காது என்றேன். "பல்லு விழுமா?" என்றான். 1899-லேயே குன்னூர் வரைக்கும் ரயில் வந்துவிட்டது, அன்றிலிருந்து கடித்துக்கொண்டேதான் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது பல்லு தேய்க்குதா?" என்றான். அதற்குள் ஒரு ஆள் எண்ணெய்க் கேனோடு வந்து சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். "தேய்க்குது, தேய்க்குது!" என்று அந்த ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். என் கையை அவன் இறுக்கிப் பிடித்திருந்தான். உள்ளங்கை முழுக்க வர்க்கி பிஸ்கட் தூளும் எச்சிலுமாக. பஸ் ஏறும்வரைக்கும் நான் கையைத் துடைக்கவில்லை.

உன்னை ரயில் பார்க்கக் கூட்டிப்போக எனக்கு நேரம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் துவைப்பதிலும் விறகிலும் போய்விடும். நீ கேட்ட கேள்விகளை எல்லாம் ஆயாவும் பெரியம்மாவும்தான் காது கொடுத்துக் கேட்டார்கள். அந்தக் குறை எனக்கு உண்டு. உன்னிடம் கேள்வி கேட்கிற பிள்ளை உன் வீட்டிலேயே இருக்கிறான். பாத்திரம் சிங்க்கில் கிடக்கட்டும், கொஞ்ச நேரம் அவனோடு தரையில் உட்கார்.

பொங்கல் முடிந்து நான் வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். அப்பா சமைத்துக்கொள்வார், கேட்டுவிட்டேன். சாயங்காலம் நீ ஆபீசிலிருந்து வந்ததும் குட்டியை நான் கீழே கூட்டிப்போகிறேன். நீ கதவைச் சாத்திவிட்டு ஒரு மணிநேரம் தூங்கு. அந்த மாடியிலும் பக்கத்து வீடுகள் இருக்குமே, வந்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பேசிப் பார்க்கிறேன். எனக்குக் கன்னடம் கொஞ்சம் வரும்.

பார்சலில் வர்க்கி இருக்கிறது, அப்பா கட்டியது. குட்டிக்குச் சிவப்பு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன், கை கொஞ்சம் நீளமாகத்தான் போட்டிருக்கிறேன், மடித்துவிடு. சின்னப் பொட்டலத்தில் இருப்பது நம் தோட்டத்து பீன்ஸ் விதை. பால்கனித் தொட்டியில் அவனையே ஊன்றச் சொல், தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றட்டும். அம்மாயி எப்போது வருவாள் என்று கேட்டால் தேதி சொல்லாதே. பீன்ஸ் பூத்ததும் வருவாள் என்று சொல். நாற்பது நாளில் பூத்துவிடும். பூக்காவிட்டாலும் நான் வந்துவிடுவேன், அதை அவனிடம் சொல்லவேண்டாம். முளை வந்ததும் போனில் எனக்குக் காட்டச் சொல்.

அன்புடன்
அம்மா