பப் சமையலும் சித்தப்பாவின் கேள்வியும்

மார்லோ அருகே, பக்கிங்ஹாம்ஷயர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

"பப் என்றால் சாராயக்கடைதானே, அங்கே சமையல்காரனுக்கு என்ன பெருமை" என்று சித்தப்பா கேட்டாராமே. இங்கே கிராமத்துப் பப்புக்குக் குடும்பத்தோடு சாப்பிடவும் வருவார்கள். மார்லோவில் டாம் கெரிட்ஜ் என்ற சமையல்காரர் 2005-ல் தொடங்கிய 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' பப், மறு வருடமே மிஷலின் ஸ்டார் வாங்கியது. மிஷலின் கையேடு நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்குத் தரும் பெரிய மதிப்பு அது. 2012 கையேட்டில் இரண்டு ஸ்டார். அதுவரை எந்தப் பப்புக்கும் இரண்டு கிடைத்ததில்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்.

கைப்பக்குவம் தெரிவது ஞாயிறு மதிய ரோஸ்ட்டில், அதாவது ஓவனில் முழுசாகச் சுடும் இறைச்சியில். மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 52 டிகிரி தொட்டதும் ஓவனிலிருந்து எடுத்து அரைமணி நேரம் சும்மா வைக்க வேண்டும். வெளிச்சூடு உள்ளே இறங்கி இன்னும் சில டிகிரி ஏறும். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

கூடவே வைக்கும், இனிப்பில்லாமல் உப்பி வேகும் யார்க்‌ஷயர் புட்டிங்தான் பலரைக் கவிழ்ப்பது. முட்டை, பால், மைதா மூன்றையும் ஒரே கோப்பையால் சமமாக அளந்து, உப்புப் போட்டுக் கரைத்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வை. மறுநாள் குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி மாட்டுக் கொழுப்பு விட்டு, 220 டிகிரியில் புகை வரும்வரை காயவிடு. மாவை ஊற்றியதும் பணியாரக்கல் போலச் சுரீரென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும், உப்பாது. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. சுவர் இறுகுமுன் சூடு குறைந்தால் உள்ளே இருக்கும் நீராவி அடங்கி, புட்டிங் அமுங்கிவிடும். வெந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் மொறுமொறுப்பு போய்விடும்.

சிப்ஸுக்கு (இங்கே அது விரல் போல வெட்டிப் பொரிப்பது) வாங்கும் உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதே. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாகி, வேகுமுன்பே கறுத்துவிடும்.

கமி என்னும் கடைநிலைச் சமையல்காரனாகத் தொடங்கி ஹெட் செஃப் ஆனபின் சொந்தமாகப் பப் எடுக்க ஆசைப்படுபவர்கள் நிறைய. பெரும்பாலும் குத்தகைதான். கட்டடம் பீர் ஆலைக்கோ பப் கம்பெனிக்கோ சொந்தமாக இருந்தால், வாடகையோடு பீரையும் அவர்களிடமே வாங்கச் சொல்லும் ஒப்பந்தம் உண்டு. அந்த பீரில் லாபம் குறைவு. சாப்பாடுதான் காப்பாற்ற வேண்டும். 24 பவுண்டு தட்டில் 4 பவுண்டு வரிக்குப் போகும். மீதி 20-ல் பொருள் செலவு 6 பவுண்டைத் தாண்டினால், சம்பளத்துக்கும் கேஸுக்கும் இழுபறிதான். எலும்பு, தோல், வெங்காயத் தோல் எல்லாம் ஸ்டாக் (சூப், குழம்புக்கான சாறு) கொதிக்கும் பானைக்குப் போவது அதனால்தான்.

கேட்டரிங் கல்லூரியில் காஸ்டிங் (செலவுக் கணக்கு) வகுப்பை மட்டும் தவறவிடாதே.

அன்புடன்,
அண்ணன்