சீல் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கு உள்ளூர்த் தொழில் நிறுவனங்கள் இன்டர்ன்ஷிப் இடம் தர முன்வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் கதவைச் சாத்தி வைத்திருப்பதால்தான் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்பது போல அதில் ஒரு தொனி இருந்தது. அது பாதி உண்மை. கோவை கணபதியில் பம்புகளுக்கு ஷாப்ட் (சுழலும் தண்டு), புஷ் (அந்தத் தண்டைத் தாங்கும் வளையம்) கடைந்து கொடுக்கும் சின்ன ஜாப் ஆர்டர் பட்டறை நடத்துகிறவன் நான். மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

செமஸ்டர் லீவு விட்டால் போதும், கல்லூரி லெட்டர்பேடில் பெர்மிஷன் லெட்டரோடு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வருவார்கள். வேலை கேட்டு இல்லை. "சார், பதினஞ்சு நாள் வந்த மாதிரி ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் சீல் போட்டுக் கொடுத்தீங்கன்னா போதுங்க சார், ரிப்போர்ட் நாங்களே அடிச்சுக்கறோம்" என்பார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒரு கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் புள்ளி), நாலு வாரத்துக்கு இரண்டு. கல்லூரி பார்ப்பது அந்தத் தாளைத்தான். ஆள் பட்டறைக்குள் நுழைந்தானா, கையில் கிரீஸ் பட்டதா என்று போன் போட்டுக்கூட யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, காசு கட்டினால் வீட்டில் உட்கார்ந்தபடியே சான்றிதழ் அனுப்புகிற ஆன்லைன் கம்பெனிகள் வேறு வந்துவிட்டன. பிறகு பிள்ளை ஏன் லேத் (கடைசல் இயந்திரம்) முன்னால் நாலு வாரம் கால் கடுக்க நிற்கப் போகிறான்?

நிற்கிறவனும் இருக்கிறான், அதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் மூன்றாம் வருட மெக்கானிக்கல் தம்பி ஒருவர், "சீல் அப்புறம் பார்த்துக்கலாம், உள்ளே நின்னு பார்க்கலாங்களா?" என்று கேட்டார். சரி, வா என்றேன். நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு) என்ன என்று கேட்டால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார். ஆனால் கையில் கொடுத்ததும் அதன் திருகும் குழலான திம்பிளைப் பிடித்து, பாட்டில் மூடியைத் திருகுவது போல இறுக்கிவிட்டார். பின்னால் இருக்கும் சின்ன ராட்செட்டைத் திருகி அது டிக் டிக் என்றதும் நிறுத்த வேண்டும் என்பது பாடத்தில் இருந்திருக்கும், விரலுக்குத்தான் வந்திருக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை எங்கள் டர்னர் (லேத் ஓட்டுபவர்) சொல்லிக்கொடுத்தார். லேத்தில் இருந்து இறக்கிய சூட்டோடு ஷாப்டை அளந்து ஓகே சொல்லாதே என்று. 25 மி.மீ. ஷாப்ட், அறைச் சூட்டைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் கிட்டத்தட்ட 9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) பெரிதாகக் காட்டும். பேரிங் உட்காரும் அந்த இடத்துக்கு வழக்கமாகக் கொடுத்திருக்கும் டாலரன்ஸ் (அளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற இடைவெளி) மொத்தமே 13 மைக்ரான்தான். ஆறியதும் சுருங்கும், பேரிங் லூஸாகும், ஜாப் திரும்பி வரும், அந்த லாட்டுக்கான பில் பாஸாகாது. வெப்பத்தால் உலோகம் விரியும் என்று ஒன்பதாம் வகுப்பில் இருந்து படித்து வந்த விஷயம், ஒரு ரிஜெக்‌ஷனுக்குக் காரணமாகும் என்று தெரிந்தபோது அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பட்டறையில் இடம் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் அவசரமாகத் தேவைப்படுவது பி.காம். படிக்கிறவர்கள். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி. தளத்தில் 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்துவிடும், 20ஆம் தேதிக்குள் 3பி (மாத வரிக் கணக்கு) போட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நம் பர்ச்சேஸ் பில்லையும் அந்த 2பியையும் ஒன்றுக்கு ஒன்று ஒத்துப் பார்த்து, எந்தச் சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று கண்டுபிடித்துப் போன் போட வேண்டும். ஏற்றாவிட்டால் அந்த வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்) நமக்குக் கிடைக்காது. இதைச் செய்ய எங்களிடம் ஆள் இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நானே உட்கார்ந்து பார்க்கிறேன். கணக்குப் படிக்கும் ஒரு பெண் நாலு வாரம் இதைச் செய்தால், வகுப்பில் மனப்பாடம் செய்த இன்புட் கிரெடிட் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று நேரிலேயே தெரிந்துவிடும். பாக்கிப் பட்டியலும் அப்படித்தான். சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்தால்தான் வாங்குகிற கம்பெனி அதை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரலில் இருந்து விதி வந்தது. எந்தப் பார்ட்டி எத்தனை நாள் தள்ளியிருக்கிறான் என்று ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தாலே எங்களுக்குப் பெரிய உபகாரம்.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையோடு வந்தது, ஆனால் அது நாட்டின் முதல் 500 பெரிய கம்பெனிகளை வைத்துப் போட்ட திட்டம், அதிலும் தொடங்கியபோது முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது என்றுதான் விதி இருந்தது. 1961ஆம் வருட அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தில் எங்களுக்கு இடம் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரன்டிஸ் எடுப்பது கட்டாயம், 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை எவ்வளவோ அதில் பாதியை மத்திய அரசே கொடுத்துவிடும். நல்ல ஏற்பாடு, எங்கள் தெருவிலேயே பல பேருக்கு இது தெரியாது. ஆனால் அது படித்து முடித்தவனுக்கு. மாநிலத்தில் 2022 மார்ச்சில் வந்த நான் முதல்வன் திட்டம் பிள்ளைகளுக்குக் கோர்ஸ் நிறையத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் வருடம் படிக்கும் பையனையும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையையும் சேர்த்து வைக்கும் வேலையைக் கல்லூரிதான் செய்ய வேண்டும்.

எப்படிச் செய்வது என்று புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சமூகப்பணி படிக்கும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்களைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் முதியோர் இல்லம் நடத்தும் ஒரு அறக்கட்டளைக்கு அவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார்கள். அங்கே அவர்களுக்கென்று ஒருவர் பொறுப்பு. வாராவாரம் ரிப்போர்ட் எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும், ஆசிரியரும் இடையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். போன பருவத்தில் வந்த பெண், முதியோர் உதவித்தொகை நின்றுபோன இரண்டு பாட்டிகளுக்கு ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். அந்த ரிப்போர்ட்டில் பொய் எழுத வழியே இல்லை. அதே ஊரில், அதே மாதிரிக் கல்லூரிகளில், ஒரு துறையால் முடிவது இன்னொரு துறையால் ஏன் முடியவில்லை?

முதலாளிகள் பக்கமும் குறை உண்டு. படிக்கிற பிள்ளைதானே என்று லீவில் வந்தவனைப் பேக்கிங்கிலும் டீ வாங்கி வரவும் விட்டுவிட்டு, கடைசி நாளில் சீல் போட்டு அனுப்பும் இடங்கள் எனக்கே தெரியும். அது பயிற்சி இல்லை, சம்பளம் இல்லாத ஆள். மத்தியானச் சாப்பாடும் பஸ் காசும் கொடுப்பதால் எந்தப் பட்டறையும் மூழ்கிவிடாது (பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் காசு அரசே பார்த்துக்கொள்கிறது). பெண்கள் வந்தால் தனிக் கழிப்பறை இல்லையே என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பத்து வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்காமல் ஒன்றைக் கட்டிவிட வேண்டியதுதான். துப்பட்டாவோ தொங்கும் ஐ.டி. கார்டோ லேத்தில் ஜாபைப் பிடித்துச் சுழலும் சக் பக்கத்தில் போகக் கூடாது என்பதை முதல் நாள் முதல் வேலையாகச் சொல்லுங்கள். அப்புறம் விபத்துக் காப்பீடு. இதைக் கல்லூரிதான் எடுக்க வேண்டும். பிள்ளை எங்கள் பதிவேட்டில் இருக்கும் தொழிலாளி இல்லை, அதனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. நாளைக்கு விரலில் அடிபட்டால் யார் பொறுப்பு என்கிற பயத்திலேயே பாதிப் பேர் உள்ளே விடுவதில்லை.

வருகிற மே மாதத்துக்கு எங்கள் பட்டறையில் இரண்டு பேருக்கு இடம் வைத்திருக்கிறேன், ஒருவர் மெக்கானிக்கல், ஒருவர் பி.காம். நாலு வாரமும் வர வேண்டும், ஷூ போட்டு வர வேண்டும். கூடவே, அந்த நாலு வாரத்துக்குள் கல்லூரியில் இருந்து ஒரு சாரோ மேடமோ ஒரு தடவையாவது நேரில் வந்து, பிள்ளை என்ன செய்கிறான் என்று எங்கள் டர்னரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இதற்குச் சம்மதிக்கும் கல்லூரி என்றால் சீலை நானே கூப்பிட்டுப் போட்டுக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை - 6