முழு பேனல் போடுங்கள், முடியாதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்

குமரி மாவட்டத்தில் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோயில், செல்லின் மேலும் உள்ளும் இருக்கும் சிடி3, சிடி7 போன்ற புரதக் குறிகளைப் பார்த்து வகையைச் சொல்கிற சோதனைதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி; அதில் பார்க்கிற குறிகளின் தொகுப்புதான் பேனல். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் அக்கா மகனுக்கு உங்களில் ஒருவர் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: சிடி7 பாசிட்டிவ், சிடி3 பாசிட்டிவ், டி செல் லுகேமியா. அந்த சிடி3 செல்லுக்கு உள்ளேயா, மேற்பரப்பிலா? எழுதவில்லை. சிடி1ஏ, சிடி5, சிடி8, சிடி34, சிடி117 எல்லாம் பார்த்தீர்களா என்பதற்கும் ஒரு வரி இல்லை.

திருவனந்தபுரத்தில் டாக்டர் அதைப் படித்துவிட்டு மறுபடியும் மஜ்ஜை எடுக்கணும் என்றார். ஸ்டீராய்டு தொடங்கினால் புற்றுச் செல்கள் மளமளவென்று குறைந்துவிடும், அப்புறம் தேடினால் கிடைக்காது என்று மருந்தையும் தள்ளிவைத்தார்கள். முதல் ஊசிக்கு ஒட்டிய பிளாஸ்திரி இடுப்பில் அப்படியே இருக்க, பையனை மறுபடி ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மடக்கிப் பிடித்தோம். மரத்துப்போக ஊசி போட்டாலும் மஜ்ஜையை உறிஞ்சுகிற அந்த நேரத்து வலி போகாது. "கொஞ்சம் பொறு மக்ளே" என்பதைத் தவிர அக்காவுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியில் டி செல் (ஒரு வகை வெள்ளை அணு) வளரும்போது சிடி3 முதலில் உள்ளேதான் இருக்கும், முதிர்ந்த பிறகே வெளியே வரும். நடுப்பருவத்தில் சிடி1ஏ தெரியும். புற்றுச் செல் எந்தப் பருவத்தில் நின்றுவிட்டது என்பதை இவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். சிடி1ஏ, சிடி8 இல்லாமல், சிடி5 மங்கலாக, கூடவே ஸ்டெம் செல் அல்லது மைலாய்டு (டி செல் அல்லாத வேறொரு ரத்தச் செல் வரிசை) குறிகளோடு வருகிற மிக ஆரம்பப் பருவ வகையை 2009-லேயே தனியாகப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். சிடி7 சில மைலாய்டு லுகேமியாவிலும் வரும். அப்படியிருக்க, அரைகுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்?

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உடல் முழுப் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று போர்டு வைக்கிறீர்கள். நோய் பெரிதாகிவிட்டால் மட்டும் நாங்கள் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. இந்தக் கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை, சரி, அதை விடுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். முழு பேனல் போடுங்கள். பார்த்த ஒவ்வொரு குறியையும், நெகட்டிவ் ஆனாலும், ரிப்போர்ட்டில் எழுதுங்கள். சிடி3 உள்ளேயா வெளியேயா என்று கட்டாயம் எழுதுங்கள். அந்த வசதி இல்லையென்றால், மஜ்ஜை எடுப்பதற்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.