ஸ்பானிஷ் வகுப்பில் பிள்ளைகள் எப்போது பேசுவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் வெளிநாட்டு மொழி கற்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்மார்ட் போர்டும் ஆப்பும் இருந்தால் ஸ்பானிஷ் சுலபமாக வந்துவிடும் என்கிறது கட்டுரை. நான் சென்னையில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன், இந்தக் கருவிகள் இல்லாமல் என் வகுப்பு இல்லை, ஆனாலும் அந்தக் கருத்தை ஏற்க முடியவில்லை.

ஆப்பில் பெரும்பாலும் நடப்பது என்ன? பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக. திரையில் புள்ளி ஏறும், பிள்ளைகளுக்குக் குஷி. சொற்கள் மனத்தில் நிற்க அது நல்ல பயிற்சிதான், நானே வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். வகுப்பு நேரத்தையும் அதற்கே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் எப்போது பேசுவது?

பேசாவிட்டாலும் மதிப்பெண் வந்துவிடுகிறது, அதுதான் சிக்கல். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, மீதி 20 உள்மதிப்பீடு. அதே பிள்ளை, ஸ்பெயின் அரசின் மொழி அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் திறன் தேர்வுக்குப் போகட்டும். ஏ1 என்ற தொடக்க நிலையில் வாசிப்பதும் எழுதுவதும் சேர்த்து 50, கேட்பதும் பேசுவதும் சேர்த்து 50, இரண்டிலும் தனித்தனியாக 30 எடுத்தால்தான் தேர்ச்சி. எழுத்தில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் காதும் வாயும் பழகவில்லை என்றால் அங்கே தப்பிக்க வழியில்லை.

தொழில்நுட்பம் நிஜமாகவே கைகொடுப்பது இந்த இடத்தில்தான். முன்பெல்லாம் பாடநூலோடு வரும் சிடியில் நிதானமாக, திருத்தமாகப் பேசும் இரண்டு மூன்று குரல்கள், அவ்வளவுதான். ஸ்பானிஷ் ஆட்சிமொழியாக இருப்பதோ 20 நாடுகளில். நன்றி சொல்ல மாட்ரிட்டில் 'கிராத்தியாஸ்' என்பதை மெக்சிகோவில் 'கிராசியாஸ்' என்பார்கள், அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 'யோ' (நான்) என்பது 'ஷோ' என்று காதில் விழும். இன்று ஒரு போனும் சின்ன ஸ்பீக்கரும் போதும், இத்தனை குரல்களையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம், வேகத்தை 0.75க்குக் குறைத்து ஒரு முறை, அப்புறம் இயல்பான வேகத்தில் ஒரு முறை என்று கேட்க வைக்கலாம்.

அடுத்தது குரல் பதிவு. நிறையப் பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இருக்காது, கூச்சப்படும் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. வீட்டிலிருந்து ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னால், வகுப்பில் தலை குனிந்தே இருக்கும் பிள்ளையும் பேசுகிறது, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசுகிறது. எல்லாவற்றையும் கேட்டுப் பதில் சொல்வது பெரிய வேலைதான். அந்த வேலைக்குப் பள்ளி நேரம் ஒதுக்க வேண்டும்.

வீடியோ அழைப்பில் ஸ்பானிஷ் பேசும் நாட்டுப் பிள்ளைகளோடு பேச வைக்க விரும்பும் பள்ளிகள் ஸ்பெயினைப் பார்ப்பது நல்லது. குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30 என்றால் மாட்ரிட்டில் காலை 10 மணி, இரண்டு பக்கமும் வகுப்பு நடக்கும் நேரம். மெக்சிகோ நகரம் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, நாம் காலையில் பள்ளிக்கு வரும்போது அங்கே முந்தைய நாள் இரவு.

அடுத்த ஆண்டுக்கு எந்த ஆப், எந்தத் திரை என்று பள்ளிகள் முடிவெடுக்கும் நேரம் வரும். விற்க வருபவர் விளக்கிக் காட்டும்போது தலைமை ஆசிரியர்கள் ஒன்றை மட்டும் கேட்கட்டும்: இதில் ஒரு பிள்ளை வாரத்துக்கு எத்தனை நிமிடம் வாய்விட்டுப் பேசும், அதைக் கேட்டுத் திருத்தப்போவது யார்?

இப்படிக்கு,
ஒரு ஸ்பானிஷ் ஆசிரியை, சென்னை