நண்டலாற்றுப் பாலத்தை இந்த முறை சேர்ந்து கடப்போம்

சென்னை,
20-2-2022, ஞாயிறு

அன்புள்ள தேவகி,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா?

நேற்று ஓட்டுப் போடப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சிரித்தாள். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். கொரோனா சமயத்தில்தான் எங்கள் தெருவுக்கு வந்தாள். ஒன்றரை வருஷமாக அவளுடைய கண்களை மட்டும்தான் எனக்குத் தெரியும். முழு முகத்தையும் பார்த்ததும் என்னமோ மனசு நிறைந்துபோனது. வீட்டுக்கு வந்ததும் உன் நினைவுதான். போனில் கேட்டால் "பார்க்கலாம்டி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச் 10, வியாழக்கிழமை தொடங்கி ஐந்து நாள் எனக்குக் கொடு. தரங்கம்பாடியில் ஆரம்பித்துக் காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை கடலோரமாகவே போவோம். நீயும் நானும் மட்டும்.

ஏன் இந்தக் கரை என்று உனக்குத் தெரியும். பாதிதான் தெரியும். மீதியை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

2020 ஜூலையில் அக்கா தவறியபோது "போக முடியவில்லை" என்று மட்டும் உனக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். உண்மையில் போனேன். கொரோனா இல்லை, மாரடைப்பு. விடியற்காலை மூன்று மணிக்குப் போன் வந்தது. துக்கத்துக்கு என்று இ-பாஸ் கேட்டு, அது கைக்கு வரப் பதினொரு மணி ஆகிவிட்டது. பெரியவன் வண்டியை எடுத்தான். விழுப்புரம் தாண்டியபிறகு ரோட்டில் ஆளே இல்லை. சாயங்காலம் பொறையாற்றைத் தாண்டி நண்டலாற்றுப் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் காரைக்கால், அதாவது புதுச்சேரி. எங்கள் கையில் இருந்த பாஸ் இந்தப் பக்கத்தோடு சரி. அந்தப் பக்கத்துக்குத் தனி அனுமதி வேண்டும், அதுவும் சென்னையிலிருந்து வருகிறவர்கள் என்றால் பரிசோதனை வேண்டும் என்றார்கள். அங்கே நின்றவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதில் ஒரு பையன் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் கொடுத்தான். ஆனால் இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அங்கே அவசரப்பட்டார்கள். அக்கா மகன் போனில் வீடியோ போட்டுக் காட்டினான். அக்காவை எடுத்துக்கொண்டு போவதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அங்கிருந்து அக்கா வீடு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

நாம் எத்தனை தடவை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறோம்! 1978இல் கும்பகோணம் விடுதியிலிருந்து சனிக்கிழமை கிளம்பி, மாயவரத்தில் மாறி, தரங்கம்பாடிக்கு அப்போது ஓடிய அந்தச் சின்ன ரயிலில் போய், கடலைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி அக்கா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போவோமே. நண்டலாறு என்று ஒரு ஆறு இருப்பதையே நாம் கவனித்ததில்லை. அக்காவின் கோலா மீன் குழம்பு மட்டும்தான் ஞாபகம். உனக்கு முள் எடுத்துக் கொடுப்பாளே. அந்த ரயிலும் இப்போது இல்லை, எண்பதுகளிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதன்பிறகு போயிருக்கலாம். 2020 செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நாளில் காரைக்காலுக்கும் பஸ் ஓட ஆரம்பித்தது. ஆனால் அக்கா மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டான். பூட்டின வீட்டைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அப்புறம் இரண்டாவது அலை. அது உன் வீட்டிலும் என் வீட்டிலும் செய்ததை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது தெம்பு வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தில் தனியாக நிற்க மாட்டேன். நீ வேண்டும். வண்டியைப் பாலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, நாம் இருவரும் நடந்தே கடந்து காரைக்கால் மண்ணில் கால் வைக்க வேண்டும். உன் முழங்காலுக்கு அவ்வளவு தூரம் ஒன்றும் செய்யாது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சரி, மற்றதைச் சொல்கிறேன். நீ கோயம்புத்தூரில் காலை ஜன சதாப்தியில் ஏறினால் மதியம் மயிலாடுதுறை. நான் எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் உனக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிக் காத்திருப்பேன். நமக்கு முன்பு இருந்த மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சிலிருந்து இல்லை, முழுக் கட்டணம்தான். இருக்கட்டும்.

தரங்கம்பாடியில் இரண்டு ராத்திரி. டேனியர் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊர். அவர் அச்சடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714இல் தொடங்கி வெளிவந்தது. தமிழ் டீச்சராக முப்பது வருஷம் இருந்த நீ அந்தத் தெருவில் ஒரு தடவை நிதானமாக நடக்க வேண்டாமா? அன்றைக்கு நாம் கடலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவர் கட்டிய தேவாலயத்திலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் பாண்டியர் காலத்தில் எழுந்தது. பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. நாம் போனபோது அலை இன்னும் தள்ளி இருந்த மாதிரி எனக்கு நினைவு. நீ பார்த்துவிட்டுச் சொல். நடுவில் ஒரு காலையில் பூம்புகார் போய், காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

மூன்றாம் நாள் பாலம். காரைக்காலில் அம்மையார் கோயில். அக்கா ஒவ்வொரு ஆனியிலும் மாங்கனித் திருவிழாவுக்குக் கூப்பிடுவாள், கூட்டத்தில் மாம்பழம் இறைப்பதைப் பார்க்க வா என்று. ஒரே ஒரு தடவைதான் போனேன். அக்கா வீட்டுத் தெருவில் நடந்துவிட்டு, வாஞ்சூர் வழியாக நாகூர். தர்காவின் ஐந்து மினார்களில் பெரியது 131 அடி, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தது. அங்கே இறால் வைத்த ‘வாடா’ என்கிற பலகாரம் வாங்கிச் சாப்பிட வேண்டும். சுடச்சுட வாங்கி வெளியில் நின்று சாப்பிடலாம், உனக்குப் பயம் இருக்காது. அன்று ராத்திரி வேளாங்கண்ணி. 2020, 2021 இரண்டு வருஷமும் செப்டம்பர் திருவிழாவைப் பக்தர்கள் இல்லாமல்தான் நடத்தினார்கள். அந்தத் திருவிழாவை நம்பி வருஷம் முழுக்கப் பிழைக்கிற மெழுகுவத்திக் கடைக்காரர்களையும் பூக்காரர்களையும் நினைத்துப்பார். வாங்க வேண்டியதை அங்கேயே வாங்குவோம், பேரம் பேச வேண்டாம்.

நான்காம் நாள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேதாரண்யம். "வேதாரண்யம் விளக்கழகு" என்பார்களே, அந்தக் கோயில். கதை உனக்குத் தெரிந்ததுதான். வேதங்கள் பூசை செய்து பூட்டிப்போன கதவு. அப்பர் பத்துப் பாட்டுப் பாடியும் திறக்கவில்லை, பதினோராவதில்தான் திறந்தது. சம்பந்தர் ஒரே பாட்டில் மூடிவிட்டார். கல்லூரியில் படித்தபோது அப்பருக்காக நீ சண்டை போட்டாய், நினைவிருக்கிறதா? இந்த இரண்டு வருஷமாக அந்தக் கதைதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பேச்சு, நள்ளிரவில் நாடே மூடிவிட்டது. திறப்பதற்குத்தான் எத்தனை பாட்டு! டிசம்பர் 14இல் கடற்கரையைத் திறந்தார்கள், அடுத்த கோடையில் மூடினார்கள், ஆகஸ்டில் திறந்தார்கள், இந்த ஜனவரியில் மறுபடி மூன்று ஞாயிறு முழு ஊரடங்கு. 28ஆம் தேதியிலிருந்துதான் இரவு ஊரடங்கும் இல்லை. அந்தக் கதவின் முன்னால் நின்று அப்பர் பதிகத்தை நீ வாய்விட்டுப் பாட வேண்டும். உன் குரலில் கேட்டு எத்தனை வருஷம்!

பக்கத்திலேயே அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்துவந்து உப்பு அள்ளிய இடம். மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டி, மார்ச்சில் உப்பு வார ஆரம்பித்திருப்பார்கள். அந்த மக்களுக்கு 2018 நவம்பரில் கஜா புயல். தென்னையும் மாவும் சாய்ந்து, நிமிர்வதற்குள் கொரோனா. அங்கே போய்ச் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வரக் கூடாது. நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வருவோம்.

அப்புறம் கோடியக்கரை. வெளிமான் கட்டாயம் கண்ணில் படும். மார்ச் என்றால் பூநாரைகளில் பல கிளம்பியிருக்கும், ஆனால் சதுப்பில் மிச்சம் இருக்கும் என்று நம்புகிறேன். ஏப்ரல் என்று நீ தள்ளிப்போட்டால் பறவையும் இருக்காது, வெயில் வேறு. ஏப்ரல் 15 வந்தால் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, நல்ல மீனும் கிடைக்காது. அக்டோபர் என்றால் மழை, புயல். அதனால்தான் மார்ச் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் நாகப்பட்டினத்துக்குத் திரும்பி அவரவர் ரயில்.

"இன்னொரு அலை வந்தால்?" என்று பொங்கலுக்குக் கேட்டிருந்தாய். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதால் மூன்றாவது ஊசியும் போட்டுக்கொண்டேன். நீயும் கோவையில் விசாரித்துப் போட்டுவிடு. காரில் ஏசி வேண்டாம், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு போவோம். கோயிலுக்குள் கூட்டம் இருந்தால் வெளியில் நின்று கும்பிடுவோம். கிளம்புவதற்கு முந்தின நாள் உனக்கோ அவருக்கோ தொண்டை கரகரத்தால்கூடச் சொல், டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம், எனக்கு வருத்தம் இருக்காது. ஆனால் எல்லாம் அடங்கட்டும் என்று காத்திருக்க மட்டும் என்னால் முடியவில்லை. அக்கா 2020 ஜனவரியில், பொங்கலுக்கு, "வந்துட்டுப் போடி" என்றாள். கோடை விடுமுறையில் வருகிறேன் என்றேன்.

அவரிடம் நானே பேசுகிறேன். உன் மருமகள் ஐந்து நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், அவளிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

புதன்கிழமைக்குள் சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவேன். ஈரோட்டிலிருந்து திருச்சி வரை காவிரி இடது பக்கம்தான் கூடவே வரும், அதனால் உனக்கு இடது பக்க ஜன்னல் பார்க்கச் சொல்கிறேன். கும்பகோணம் ஸ்டேஷன் தாண்டியதும் ஒரு போன் போடு. நான் மயிலாடுதுறையில் பிளாட்பாரத்திலேயே நிற்பேன்.

அன்புடன்,
சாந்தி