கண்ணாடி துடைக்கிறவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி பேசாதீர்கள்

சென்னையில் ஐந்து பேர், எட்டுப் பேர் என்று ஆள் வைத்து, கட்டிடங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் கான்ட்ராக்ட் எடுக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். தரமணியிலிருந்து சிறுசேரி வரை ஒரே கட்டிடங்களுக்குத்தான் நாம் மாறி மாறி கொட்டேஷன் கொடுக்கிறோம், அதனால் உரிமையோடு எழுதுகிறேன். பெரிய ஹவுஸ்கீப்பிங் கம்பெனிகளை விட்டுவிடுவோம். நம்மைப் போன்றவர்களிடம் கூலி என்பது பெரும்பாலும் முதலாளி வாயால் சொல்வது, அதிலும் பாதி மேஸ்திரி வழியாகப் போவது.

சொல்ல வருவது ஒன்றுதான். கட்டிடத்துக்காரரிடம் சதுர அடி ரேட் பேசுங்கள், அது வியாபாரம். கயிற்றில் தொங்குகிறவரிடம் அந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள், அவருக்கு நாள் கூலி கொடுங்கள்.

அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். எட்டு மணிக்கு கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவைக்கிறார், பாஸ் வர வேண்டும், வேலை பெர்மிட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்கு மேனேஜர் வர வேண்டும். பிறகு மொட்டை மாடியில் கயிறு கட்டி, முடிச்சு பார்த்து, ஓரத்தில் கயிறு உரசும் இடத்துக்கு மெத்தை வைத்து, கீழே தடுப்பு போட்டு, முதல் கண்ணாடியில் தண்ணீர் படும்போது பத்து மணி தாண்டிவிடும். வெயில் நேராக அடிக்கிற பக்கத்தைத் தொட முடியாது, துடைப்பதற்குள் தண்ணீர் காய்ந்து கோடு விழும். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறினால் இறங்கச் சொல்ல வேண்டும். லாரித் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு நிற்கும், மறுபடி துடைக்கச் சொல்வார்கள். இதில் எதுவும் அவர் கையில் இல்லை. சதுர அடிக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல நாளில் 600 சதுர அடி முடித்து 1,200 ரூபாயோடு போகிறவர், காற்றடிக்கும் நாளில் 200 அடியோடு இறங்கி 400 ரூபாயுடன் வீட்டுக்குப் போகிறார். இரண்டு நாளும் அவர் போட்ட நேரம் ஒன்றுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை கயிறு. வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று என்று இரண்டு கட்ட வேண்டும், ஒவ்வொரு வரிசை முடியும்போதும் இரண்டையும் நகர்த்த வேண்டும். இந்த நேரத்துக்குச் சதுர அடிக் கணக்கில் ஒரு பைசா கிடையாது. அப்படியானால் காப்புக் கயிற்றை ஒழுங்காகக் கட்டுகிறவர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துத்தான் கட்டுகிறார். காலையில் பாதுகாப்பு பற்றி எவ்வளவு பேசினாலும், மாலையில் நாம் கொடுக்கிற காசு அவரை அவசரப்படுத்தினால் அவர் காசு சொல்வதைத்தான் கேட்பார், அதற்கு அவரைக் குறை சொல்வது அநியாயம்.

மழை நாளுக்கு வருவோம். நாள் கூலிக்கு வந்தவரை முழு நேரமும் வேலை வாங்க நம்மால் முடியாமல் போனால், அவருக்கு வேலை செய்ய மனமில்லாததால் நின்ற வேலையாக இல்லாதவரை, முழு நாள் கூலி உண்டு என்பதுதான் சட்டத்தின் பொது விதி. 1948-ம் ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இது இருந்தது, 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. கேட் வரை வந்தவரை மேகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது தவறு. கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு என்பதும் அப்படித்தான், இரவு லாபிக் கண்ணாடிக்கு ஆள் கூப்பிடும்போது அதை மறந்துவிடுகிறோம்.

எவ்வளவு கொடுப்பது? அரசு நிர்ணயித்த குறைந்தபட்சம் தரை, அதற்குக் கீழே பேச்சே இல்லை. அதற்கு மேல் ஒவ்வொருவரும் என்ன பொறுப்பு எடுக்கிறார் என்று பாருங்கள். கயிற்றில் இறங்குகிறவருக்கு அதிகம், சரி. ஆனால் மாடியில் நின்று கயிற்றைப் பார்க்கிறவரை ஹெல்பர் என்று சொல்லிப் பாதிக் கூலி கொடுப்பது எனக்குப் புரியவே இல்லை, கயிற்றில் தொங்குகிறவர் உயிர் அவர் கண்ணில்தானே இருக்கிறது? பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையனுக்கும் அதே வேலைக்கு அதே கூலி, அவரவர் கணக்கில் நேராகப் போட வேண்டும், மேஸ்திரிக்குத் தனியாகக் கொடுங்கள். உடம்பில் மாட்டுகிற பாதுகாப்புப் பட்டைக்கும் (ஹார்னஸ்) ஷூவுக்கும் சம்பளத்தில் பிடிக்காதீர்கள், அது நம் செலவு.

சம்பளம் தள்ளிப்போனால், ‘பார்ட்டி பணம் இன்னும் வரவில்லை’ என்பது நாம் எல்லோரும் சொல்கிற காரணம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யமில் பதிவு செய்திருந்தால் 2006-ம் ஆண்டு சிறு தொழில் சட்டப்படி கட்டிடத்துக்காரர் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. 2024 முதல், காலம் கடந்தும் கொடுக்காத தொகையை அவர்கள் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது, அதனால் கணக்குப் பிரிவில் இதைச் சொன்னால் காதில் விழும். பில்லிலேயே உத்யம் எண்ணைப் போடுங்கள். மாதச் சம்பளத்துக்கு 7-ம் தேதி கெடு என்பது பில் வந்தாலும் வராவிட்டாலும் மாறாது.

அப்புறம் காப்பீடு. பத்துப் பேர் ஆனதும் இ.எஸ்.ஐ. வந்துவிடும், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு நம் பங்கு 3.25 சதவீதம்தான். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிறவர்கள் வருடம் 20 ரூபாயில் இரண்டு லட்சம் தருகிற பிரதமர் விபத்துக் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு லட்சம் எத்தனை நாள் வரும்? உயரத்தில் செய்யும் வேலை என்று தெளிவாகச் சொல்லி, எல்லோருக்கும் சேர்த்து ஒரு விபத்துப் பாலிசி எடுங்கள்.

இதற்கெல்லாம் பணம் கொட்டேஷனிலிருந்துதான் வர வேண்டும். ஒருவர் மட்டும் கூலியைச் சரியாகப் போட்டு ரேட் ஏற்றினால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், இந்த அக்டோபர் கொட்டேஷனிலிருந்தே, ‘மழை, காற்று, பெர்மிட் தாமதத்தால் நின்ற நாளுக்கான கூலி கட்டிட நிர்வாகத்தைச் சேர்ந்தது’ என்று ஒரு வரியைச் சேருங்கள். நான் சேர்த்துவிட்டேன்.